கால் தாங்குமா

ஹெர்பர்ட்டைப் பார்க்கிற யாரும், நாற்பதாயிரம் பேர் காசு கொடுத்து வாங்கிய ஒரு வீடியோ கேமில் பாதி இந்த ஆளுடையது என்று நம்ப மாட்டார்கள். ஜெயித்தவன் என்றால் முகத்தில் ஒரு சுற்றாவது சதை ஏற வேண்டாமா? இவருக்கு இருந்ததும் இறங்கிப்போயிருந்தது. காலை நாலரைக்கு எழுந்து, பொம்மனஹள்ளி வீட்டுச் சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, நின்றபடியே ஒன்றரை மணி நேரம் வேலை பார்ப்பார். உட்கார்ந்தால் தூங்கிவிடுவார் என்பதால்தான் நிற்பது. ஆறு மணிக்கு மனைவி பவுலின் வந்து லேப்டாப்பை ஓரமாகத் தள்ளி, அந்த இடத்தில் இட்லி மாவுப் பாத்திரத்தை வைப்பாள். அத்தோடு அன்றைக்குக் கேம் கம்பெனிக்குக் கதவு சாத்தியாயிற்று.

"கேம்ல எல்லாருக்கும் களைப்புக்கு ஒரு நம்பர் போட்டிருக்கீங்களே, உங்களுக்கு எவ்ளோ?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நான் கேம்ல இல்ல."

"நல்ல வேளை. இருந்திருந்தா உங்கள பெஞ்சுல கூட ஒக்கார வச்சிருக்க மாட்டாங்க."

அவர் சிரித்தார். சிரிப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது.

பொம்மசந்திராவில், வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் இருபத்திரண்டு வருஷமாகத் தர ஆய்வாளர். ஊரார் சொல்வது போல் சொன்னால், கியூ.சி. அவர் கையில் எப்போதும் கேஜ் என்கிற எஃகுக் கட்டை ஒன்று இருக்கும். அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் பொருள் லாரிக்குப் போகும். இல்லையென்றால் சிவப்புத் தொட்டிக்குப் போகும். மேனேஜர் வந்து நின்றாலும் சரி, மேனேஜரின் மாமனார் வந்து நின்றாலும் சரி, ஹெர்பர்ட்டின் தொட்டியில் விழுந்தது விழுந்ததுதான். வெளிநாட்டுக் கன்டெய்னர் வாசலில் நிற்கும்போது புஷ் என்கிற எஃகு வளையங்கள் நாலாயிரத்தைத் திருப்பி அனுப்பிய மனுஷன் அவர். அன்றைக்குக் கேன்டீனில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவர் பாட்டுக்குத் தயிர் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இந்த வேலையில் இன்னொரு பழக்கம் உண்டு. எந்த அளவை மாற்றினாலும் பதிவேட்டில் எழுத வேண்டும். பழைய அளவு, புது அளவு, காரணம், கையெழுத்து. எழுதாமல் மாற்றியது எல்லாம் திருட்டுக் கணக்கில் சேரும் என்று அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் சொல்லியிருந்தார். அது அவர் கைக்குள்ளேயே போய்விட்டது. வீட்டில் குக்கரின் கேஸ்கட்டை மாற்றினால்கூடக் காலண்டரில் தேதி போட்டு 'ஹெச்' என்று எழுதி வைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்கு வேறு உலகம். காலை ஏழு மணி ஆராதனை முடிந்ததும் பைபிளைப் பவுலின் கையில் கொடுத்துவிட்டு, சர்ச்சிலிருந்து நேராக ஹெப்பகோடிக்குப் போய்விடுவார். ஏரிக்குப் பின்னால் செம்மண் மைதானம் ஒன்று இருக்கிறது. மருந்துக்குக்கூடப் புல் கிடையாது. அங்கே ஹோசூர் ரோடு தொழிற்சாலைக் கால்பந்து லீக் நடக்கும். பதினாலு டீம். பம்ப் கம்பெனி, பிஸ்கட் கம்பெனி, ஒயர் கம்பெனி என்று டீம்களுக்குப் பேரே அப்படித்தான். பார்க்க வருகிறவர்கள் ஆடுகிறவர்களைவிடக் குறைவு. ஹெர்பர்ட் அங்கே பதினைந்து வருஷம் விசில் ஊதினார். நாற்பத்தைந்து வயதில் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் விசிலைக் கொடுத்துவிட்டு, ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நோட்டுடன் உட்கார்ந்துகொண்டார். யார் கோல் போட்டான் என்று மட்டும் எழுதினால் போதும் என்றுதான் லீக் கமிட்டி சொல்லியிருந்தது. ஆனால் பழக்கம் விடுமா? ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் இருபதுக்கு இத்தனை என்று நம்பர் போட ஆரம்பித்தார். வேகம், தலை, பாஸ், கோபம் என்று பதினாலு கட்டம். கடைசிக் கட்டத்துக்கு அவர் வைத்த பேர், 'கால் தாங்குமா'.

ஏரியைச் சுற்றி ஓடுவதற்காக வருகிற ஷ்ரேயாஸ் கண்ணில் பட்டது அந்த நோட்டுதான். ஹொங்கசந்திராக்காரன். கம்ப்யூட்டர் வேலையில் பத்து வருஷம் இருந்துவிட்டு, சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தவன். பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பேசுவான். நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "சார், இது நோட் இல்ல சார், இது ரெடி கேம்" என்றான். அப்படி ஆரம்பித்தது. அவன் நிரல் எழுதினான். இவர் இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டக்காரர்களின் நம்பரைக் கொடுத்தார். விளையாடுகிறவர் ஒரு டீமுக்கு மேனேஜர் ஆகலாம், ஆளைத் தேர்ந்தெடுக்கலாம், மேட்ச் ஆடலாம். 'சண்டே ஷிஃப்ட்' என்று பேர் வைத்தார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் இரண்டு பேருக்கும் சண்டை வந்தது. மேட்ச் தொடங்கும்போது எல்லோருக்கும் தெம்பு நூறு என்று ஷ்ரேயாஸ் வைத்திருந்தான்.

"நூறா? யாருக்கு நூறு?" என்று ஹெர்பர்ட் கேட்டார்.

"எல்லா கேம்லயும் நூறுதான் சார். ஆடும்போது கொறையும்."

"சனிக்கிழம நைட் ஷிஃப்ட் முடிச்சி, யூனிஃபார்ம அவுத்துட்டு நேரா கிரவுண்டுக்கு வர்றவனுக்கு நூறா? பிஸ்கட் கம்பெனி கோல்கீப்பர் கோல் கம்பத்துல சாஞ்சிக்கினு தூங்குவான்ப்பா. நான் பாத்திருக்கேன். அவனுக்கு ஐம்பத்தெட்டு போடு."

"யாரு சார் ஆடுவாங்க அப்படி கேம?"

ஆடினார்கள். ஐம்பத்தெட்டில் தொடங்கும் ஆட்களை வைத்துக்கொண்டு எப்படி ஜெயிப்பது என்பதுதான் அந்தக் கேமே ஆகிப்போனது. யாரை நைட் ஷிஃப்டிலிருந்து காப்பாற்றுவது, ஓவர்டைமுக்கு யாரை விட்டுக்கொடுப்பது, தூங்காதவனை எந்த நிமிஷத்தில் வெளியே எடுப்பது என்று எங்கோ பனி பெய்கிற ஊர்களில் உட்கார்ந்துகொண்டு ஜனங்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். தான் ஆடுவதைப் படம் பிடித்து நெட்டில் போடுகிற ஒருத்தன், "உலகத்திலேயே வீரர்கள் தூங்காமல் வந்து ஆடும் ஒரே கேம் இதுதான்" என்று சொன்னான். அதற்கப்புறம் வாங்கியவர்கள் எண்ணிக்கை தாறுமாறாக ஏறியது. ஹெர்பர்ட்டின் களைப்புக்கு முதல்முறையாக ஒரு மரியாதை கிடைத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் அதனால் அது குறையவில்லை. மாசா மாசம் புது நம்பர், புது ஆள், புகார், திருத்தம். நாலரை மணி அலாரம் ஞாயிற்றுக்கிழமையும் அடிக்க ஆரம்பித்தது.

மஞ்சள் லைன் மெட்ரோ ஓட ஆரம்பித்த அந்த வருஷம், செப்டம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், மேட்ச் முடிந்து எல்லோரும் போன பிறகு சந்திரசேகரன் அவர் நாற்காலி பக்கத்தில் வந்து நின்றான். பம்ப் கம்பெனி டீமுக்குக் கேப்டன். பின்வரிசையில் நடுவில் நின்று ஆடுகிறவன். முப்பத்துநாலு வயது. குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அந்தக் கம்பெனியில் ஒன்பது வருஷமாகக் கான்ட்ராக்ட் தொழிலாளி.

"அண்ணா, என் பேருக்கு நேரா மூணுன்னு போட்டிருக்கீங்களாமே."

"எதுல?"

"கால் தாங்குமாங்கறதுல. நம்ம கோல்கீப்பரு காமிச்சான். மொத்த லீக்லயே எனக்குத்தான் கம்மியாம்."

ஹெர்பர்ட் நோட்டை மூடினார். "தப்புன்னு சொல்றியா சேகரு?"

சந்திரசேகரன் மைதானத்தைப் பார்த்தான். யாரோ கோல் வலையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். "தப்புன்னு சொல்லல அண்ணா. மாத்துங்கன்னு சொல்றேன்."

விஷயம் இதுதான். பம்ப் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜையின்போது, கான்ட்ராக்டில் இருந்துகொண்டு டீமுக்கு ஆடுகிறவர்களில் இரண்டு பேருக்குப் பர்மனன்ட் லெட்டர் கொடுப்பார்கள். இந்த வருஷம் அவன் பேர் பட்டியலில் இருக்கிறது. முப்பத்தைந்து தாண்டினால் பர்மனன்ட் கிடையாது. வருகிற ஜனவரியில் அவனுக்கு முப்பத்தைந்து. ஒன்பது வருஷம் ஆடியதெல்லாம் இந்த ஒரு லெட்டருக்காகத்தான். இதை விட்டால் அடுத்தது என்பதே இல்லை.

"புதுசா வந்திருக்கற ஹெச்.ஆர். தினேஷ் சாரு, மதியம் சாப்பிட்டுக்கினே உங்க கேமத்தான் ஆடறாரு. நம்ம டீம்தான் எடுத்து வச்சிருக்காராம். இன்னிக்கி இல்லனா நாளைக்கி அவரு கண்ணுல பட்டுடும். மூணுன்னு பாத்தா லெட்டர் குடுப்பாரா? ஆயுத பூஜ வரைக்கும் போதும் அண்ணா. அப்பறம் நீங்க ஒண்ணு கூட போட்டுக்கோங்க."

ஹெர்பர்ட் பார்ப்பதாகச் சொன்னார். முடியாது என்று சொல்லத் தெம்பில்லாதபோது மனிதர்கள் அதைத்தான் சொல்கிறார்கள்.

மூன்று நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாருடைய வாய்ச்சொல்லுக்காகவும் ஒரு நம்பரை மாற்றியதில்லை என்பதைத் தவிர, அவரிடம் பெருமை என்று சொல்லிக்கொள்ள வேறு எதுவும் கிடையாது. சொந்த வீடு கிடையாது. பதவி உயர்வு இரண்டு தடவை வந்து, வந்த வழியே போய்விட்டது. கேம் பேர் வாங்கியதுகூட அந்த நம்பர்கள் நிஜம் என்பதால்தான். அதையே இப்போது விட்டுக்கொடுக்கச் சொல்கிறான், அதுவும் அவருக்குப் பிடித்த ஒருத்தன்.

புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது பவுலினிடம் சொன்னார். அவள் ரசத்தை ஊற்றியபடியே கேட்டுக்கொண்டாள்.

"அந்தப் புஷ்ஷத் தப்பா அனுப்பினா வண்டி எங்கயாவது நின்னுபோவும். இது தப்பா இருந்தா இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. எவனாவது ஒருத்தன் கேம்ல ஒரு மேட்ச் கூட ஜெயிப்பான்."

"அப்பறம் இன்னா யோசன? அந்தப் பையன் ஒம்பது வருஷமா வெயில்ல ஓடறான். நீங்க நம்பரக் கட்டிக்கினு அழுவுறீங்க."

அவளுக்கு முப்பத்துநாலு வயது ஆளும் பையன்தான். ஹெர்பர்ட்டுக்கு அன்றைக்கு அவள் சொன்னது சரியென்று பட்டது. இன்றைக்கும் அது தப்பில்லை என்றுதான் சொல்வார்.

வியாழக்கிழமை காலை சமையல் மேடையில் நின்றுகொண்டு சந்திரசேகரனின் பக்கத்தைத் திறந்தார். மூன்றை அழித்தார். பதினைந்து என்று போட்டார். முதல்நாள் கம்பெனியில் ஆள் வராததால் இரண்டு ஷிஃப்ட் பார்த்திருந்தார், கண்ணுக்குள் மணல் போட்டது போல் இருந்தது. பின்னால் பவுலினின் காலடி கேட்டது, மணி ஆறாகப் போகிறது. அவசரமாக அடுத்த பக்கத்துக்குப் போனார். அது திருத்தப் பதிவேடு. கம்பெனியில் இருப்பது போலவே இதிலும் வேண்டும் என்று முதல் நாளே ஷ்ரேயாஸிடம் அடம்பிடித்து வாங்கியது. அவர் கை பாட்டுக்கு எழுதியது. சந்திரசேகரன், பம்ப் கம்பெனி. கால் தாங்குமா. பழைய அளவு 3. புது அளவு 15. காரணம், மறு அளவீடு. ஹெச்.

மாவுப் பாத்திரம் வந்தது. லேப்டாப்பை மூடினார். செய்யக்கூடாததைச் செய்துவிட்டோம் என்கிற கூச்சம் மட்டும்தான் மெட்ரோவில் கூட வந்தது. அதைவிடப் பெரிய தப்பைச் செய்திருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஷ்ரேயாஸ் அந்த மாதத்துத் திருத்தங்களை வெளியே விட்டான். அதோடு எப்போதும் போலத் திருத்தப் பதிவேடும் வெளியே போனது. கேம் ஆடுகிறவர்கள் அந்தப் பதிவேட்டைச் சுவாரசியமாகப் படிப்பார்கள். 'ஹெச்' என்பது யார் என்று அவர்களுக்குள் ஒரு பந்தயமே இருந்தது. ஒரு ஆளின் கால் ஒரே மாதத்தில் மூன்றிலிருந்து பதினைந்துக்கு ஏறினால் விடுவார்களா? சனிக்கிழமை மதியம் கேன்டீனில் ஹெர்பர்ட் போனைத் திறந்தபோது முந்நூறு பேர் எழுதியிருந்தார்கள். 'எந்த டாக்டர் என்று சொல்லுங்கள், என் அம்மாவுக்கும் முழங்கால் வலி' என்று ஒருத்தர். 'மூன்றை வைத்துக்கொண்டே எனக்குக் கோப்பை வாங்கிக்கொடுத்தவன், இப்போது பதினைந்தா' என்று இன்னொருத்தர். சந்திரசேகரனின் படத்தைப் போட்டு, காலைச் சுற்றி ஒளிவட்டம் வரைந்திருந்தார்கள். கையில் பிசைந்த சாதம் பிசைந்தபடியே இருந்தது.

எழுந்து போய்க் கை கழுவிவிட்டு, வாசலில் நின்று சந்திரசேகரனுக்குப் போன் போட்டார்.

"காலைலயே தினேஷ் சாரு கூப்ட்டாரு அண்ணா," என்றான் அவன். குரலில் கோபம் இல்லை. "ரெண்டு முழங்காலுக்கும் ஸ்கேன் எடுத்துக்கினு வரச் சொன்னாரு. ஆயுத பூஜைக்கு முன்னாடி."

"சேகரு, நான் மாத்திட்டேன்ப்பா. பதினஞ்சு போட்டுட்டேன்."

"தெரியும். பாத்தேன்." பின்னால் மெஷின் சத்தம் கேட்டது. "எழுதி வேற வச்சீங்களா அண்ணா?"



திங்கட்கிழமை அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டுப் பம்ப் கம்பெனிக்கு நடந்தே போனார். தினேஷுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஹெர்பர்ட் யாரென்று தெரிந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். காபி வரவழைத்தான். பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டான். கெட்டவனாக இருந்திருந்தால் ஹெர்பர்ட்டுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சார், நீங்கதான் அந்த ஹெச்சா! இதே ஏரியாலயா சார் இருக்கீங்க?"

"சந்திரசேகரன் விஷயமா வந்தேன். அந்த மூணு தப்பு. நான் தப்பா அளந்துட்டேன். அதான் மாத்தினேன்."

தினேஷ் சங்கடமாகச் சிரித்தான். "நெஜமா சொல்றேன் சார், மூணுன்னு இருந்தத நான் பாக்கவே இல்ல. கேம்ல அவர எப்பவும் ஃபுல் மேட்ச் ஆட விடுவேன். உங்க திருத்தப் பதிவேட்ல படிச்சப்பறம்தான் பழச எடுத்துப் பாத்தேன்."

"தப்புன்னுதான் சொல்றேனே."

"சார், உங்க நம்பர் தப்பா இருக்கறது எப்படி சார்? போன சீசன் பதினாறு மேட்ச், டீம் பசங்க எடுத்த வீடியோல நான் பாத்திருக்கேன். நீங்க போட்ட மாதிரியேதான் ஒவ்வொருத்தரும் ஆடறாங்க. எங்க டாக்டர் எழுதறத விட உங்கள நான் நம்பறேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஸ்கேன் நல்லா வந்தா லெட்டர் என் டேபிள்ல ரெடியா இருக்கு. எனக்கும் அவருக்குக் குடுக்கணும்னுதான் ஆச. ஆனா தெரிஞ்சப்பறம் தெரியாத மாதிரி எப்படி சார் கையெழுத்து போடறது? நீங்களே சொல்லுங்க, நீங்க போடுவீங்களா?"

ஹெர்பர்ட் காபியைக் குடித்தார். இருபத்திரண்டு வருஷமாகச் சேர்த்த நல்ல பேர் மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அவரையே பார்த்துச் சிரித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொய் சொல்ல வந்திருக்கிறார், அதையும் நம்ப ஆள் இல்லை. அந்த நிமிஷத்தில் அவருக்குத் தன்மேல் வந்தது போன்ற வெறுப்பு வேறு யார்மேலும் வந்ததில்லை.

சந்திரசேகரன் ஸ்கேன் எடுக்கப் போகவில்லை. எடுத்தால் என்ன வரும் என்று அவனுக்கே தெரியும். அது காகிதத்தில் ஏறிவிட்டால் கான்ட்ராக்ட் வேலைக்கும் ஆபத்து. பட்டியலிலிருந்து தன் பேரை எடுத்துவிடும்படி அவனே போய்ச் சொல்லிவிட்டான். அடுத்த இரண்டு ஞாயிறும் மைதானத்துக்கு வரவில்லை. பம்ப் கம்பெனி இரண்டு மேட்சிலும் தோற்றது. ஹெர்பர்ட் நோட்டில் கோல் கணக்கை மட்டும் எழுதினார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பொம்மசந்திரா முழுக்கக் கம்பெனி பூஜை. கேட்டுக்குக் கேட் வாழைக்கன்று, ஷட்டருக்கு ஷட்டர் மாவிலை, நடுரோட்டில் உடைத்த பூசணிக்காய். ஹெர்பர்ட்டின் கம்பெனியில் வருஷா வருஷம் அவருடைய கேஜுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். எல்லோரும் போன பிறகு அவர் உட்கார்ந்து துணியால் துடைப்பார். சந்தனம் காய்ந்தால் அளவு தப்பும். அன்றைக்குத் துடைத்துக்கொண்டிருந்தபோது, இந்நேரம் பம்ப் கம்பெனியில் தாம்பாளத்தில் பந்தையும் லெட்டரையும் வைத்து யாரோ இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தார். ஒரு கேஜையே பத்து நிமிஷம் துடைத்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தால், வாசலில் சந்திரசேகரன் செருப்பு இருந்தது. உள்ளே பவுலின் அவனுக்கு டீ கொடுத்திருந்தாள். அவன் முன்னால் பொரி கவர் ஒன்று. கம்பெனியில் பர்மனன்ட்டுக்கு ஸ்வீட் பாக்ஸ், கான்ட்ராக்டுக்குப் பொரி.

"ஒக்காருங்க அண்ணா. இன்னா, நீங்க என்ன விட மோசமா இருக்கீங்க," என்றான்.

ஹெர்பர்ட் உட்காராமல் நின்றார். "என்ன மன்னிச்சிடு சேகரு. நான் எழுதியிருக்கக் கூடாது."

"எதத்தான் எழுதாம விட்டிருக்கீங்க?" என்று சமையலறையிலிருந்து பவுலினின் குரல் வந்தது.

சந்திரசேகரன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். "ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். அந்த மூணு, எத வச்சி போட்டீங்க? நான் யாருக்கும் சொல்லலியே. என் பொண்டாட்டிக்கே தெரியாது. வேலைல நிக்கும்போதும் காமிச்சிக்க மாட்டேன்."

ஹெர்பர்ட் இப்போது உட்கார்ந்தார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஒயர் கம்பெனி மேட்ச். மழ பேஞ்சி நின்ன நேரம். கார்னர்ல வந்த பந்துக்கு எகிறினே. தலையில அடிச்சி வெளிய அனுப்பிட்டு, எறங்கும்போது வலது கால்ல எறங்கினே. அப்பறம் அஞ்சி நிமிஷம் யாரையும் பாக்காம ஷூ லேஸ் கட்டிக்கினு இருந்தே. அந்த மேட்சுக்கு அப்பறம் நீ எப்ப எகிறினாலும் இடது கால்லதான் எறங்கற. ஒரு தடவ கூட மாறல. எகிறதுக்கு முன்னாடியே எறங்கறதுக்கு எடம் பாத்துக்கற. அதனாலதான் அரை செகண்டு முன்னாடியே பந்து வர்ற எடத்துல போய் நின்னுடற. தலைக்குப் பதினேழு போட்டிருக்கேன், பாத்தியா? லீக்ல வேற யாருக்கும் இல்ல."

சந்திரசேகரன் பொரி கவரின் முடிச்சை அவிழ்த்தான், மறுபடி கட்டினான். கண்ணில் நீர் தளும்பியது. துடைக்கவில்லை.

"ஒம்பது வருஷத்துல எவனும் என்ன இப்டி பாத்ததில்ல," என்றான். "கோச்சு பாக்கல. கம்பெனி பாக்கல. நீங்க ஒருத்தர்தான் பாத்திருக்கீங்க. அதுவே என் வேலைய முடிச்சிடுச்சி."

ஹெர்பர்ட் தலை குனிந்துகொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"கேம்ல இன்னும் பதினஞ்சேவா இருக்கு?"

"ஆமா. அது இருக்கட்டும்ப்பா. அதையாவது நான் தொட மாட்டேன். நீ அங்கயாவது..."

"வேணாம் அண்ணா." எழுந்து நின்றான். எழும்போது இடது காலை ஊன்றித்தான் எழுந்தான். இப்போது பவுலினும் அதைப் பார்த்தாள். "பதினஞ்சு வச்சிக்கினு எவன் வேணா ஆடுவான். அது நான் இல்ல. லெட்டரும் போச்சி, இனி யாருக்கு மறைக்கணும்? மூணே போடுங்க. மூண வச்சிக்கினு இத்தினி வருஷம் ஒருத்தன் ஆடினான்னு எங்கயாவது இருக்கட்டும்."

பொரி கவரை அங்கேயே விட்டுவிட்டுப் போனான். படியில் அவன் இறங்கும் சத்தம் கேட்டது. ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் மெதுவாக. மூன்று மாடியும் அப்படியே இறங்கினான்.

மறுநாள் ஆயுத பூஜை, விடுமுறை. அலாரம் வைக்காமலே நாலரைக்கு விழிப்பு வந்தது. ஹெர்பர்ட் சமையல் மேடைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தார். பதினைந்தை அழித்து மூன்று என்று போட்டார். பிறகு பதிவேட்டைத் திறந்தார். பழைய அளவு 15. புது அளவு 3. காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கட்டத்தில் அவர் கை நின்றதே இல்லை.

ஆறு மணிக்குப் பவுலின் மாவுப் பாத்திரத்தோடு வந்தாள். மேடையில் இடம் வேண்டும் என்று சொல்லவில்லை. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

'முதலில் அளந்ததே சரி. அளந்தவன் மேல்தான் தப்பு' என்று எழுதினார். கீழே 'ஹெச்' என்று போடப் போனவர், அதை அழித்துவிட்டுத் தன் முழுப் பேரையும் எழுதினார்.